ஓலே எவின்ரூட்

ஓலே எவின்ரூட் (ஏப்ரல் 19, 1877 – ஜூலை 12, 1934) நார்வேயில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த இயந்திர வல்லுநரும் தொழிலதிபரும் ஆவார். சிறு படகுகளின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய வெளிப்பொருத்து இயந்திரத்தை, அதாவது அவுட்போர்டு மோட்டாரை, வணிக அளவில் முதன்முதலில் பெருவெற்றி பெறச் செய்தவர் இவரே. இவ்வகை இயந்திரத்தை முதலில் உருவாக்கியவர் இவரல்லர். இயந்திரத் தொழில் அறியாத ஒருவரும் நீர்நிலையின் நடுவே தனியாக இயக்கவும், நின்றுவிட்டால் மீண்டும் கிளப்பவும் தக்க எளிமையை அதற்கு அளித்தமையே இவருடைய சிறப்பு. இவருடைய மனைவி பெஸ் எவின்ரூட் இத்தொழிலின் வணிகப் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

பிறப்பும் இளமையும்

எவின்ரூட் நார்வேயின் யோவிக் நகருக்கு அருகிலுள்ள ஹுன்டாலனில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். யோவிக், நார்வேயின் மிகப் பெரிய ஏரியான மியோசாவின் கரையில் அமைந்த நகரமாகும். இவருக்கு ஏறத்தாழ ஐந்து வயதாக இருந்தபோது குடும்பத்தினர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். கப்பற் பயணத்தின்போது சிறுவன் ஓலே அடிக்கடி காணாமற் போனதாகவும், ஒவ்வொரு முறையும் இயந்திர அறையிலிருந்தே மீட்டுவரப்பட்டதாகவும் கூறப்படுகிறது. எவின்ரூட் என்னும் குடும்பப் பெயர் நார்வேயில் இருந்த ஒரு பண்ணையின் பெயரிலிருந்து வந்ததாகும்.

குடும்பம் விஸ்கொன்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகே, ரிப்ளி ஏரியை அடுத்துக் குடியேறியது. விஸ்கொன்சின் ஏரிகள் நிறைந்த மாநிலம். அங்கு நார்வேயிலிருந்து வந்த உழவர்கள் பலர் வாழ்ந்தனர். எவின்ரூட் தொடக்கப் பள்ளியின் முதல் சில வகுப்புகளுக்கு மேல் படிக்கவில்லை. பண்ணை வேலைகளுக்கு இடையே உழவுக் கருவிகளைப் பழுது பார்ப்பதிலும் மரவேலையிலும் இவருக்கு நாட்டம் இருந்தது.

இவர் பதின்வயதில் மறைவாக ஒரு பாய்மரப் படகைக் கட்டினார் என்றும், வீண்வேலை என்று கருதிய தந்தை அதனை உடைத்துப் போட்டார் என்றும் இவரது வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படுகிறது. எவின்ரூட் மீண்டும் ஒரு படகைக் கட்டி ரிப்ளி ஏரியில் மிதக்கவிட்டார். கோடையில் ஏரிக்கு வந்தவர்களைக் கட்டணம் பெற்று அதில் ஏற்றிச் சென்றபோது தந்தையின் எதிர்ப்பு தணிந்தது. மகனைப் பண்ணையில் நிறுத்திவைக்க முடியாது என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

தொழிற் பயிற்சி

16 வயதில் எவின்ரூட் விஸ்கொன்சின் தலைநகரான மேடிசனுக்குச் சென்று, வேளாண் இயந்திரங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பகலில் வேலை செய்து, இரவில் கணிதமும் பொறியியலும் கற்றார். எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. பின்னர் பிட்ஸ்பர்க், சிக்காகோ ஆகிய நகரங்களில் உருக்காலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் பணியாற்றினார். அதன்பின் விஸ்கொன்சினின் தொழில் நகரான மில்வாக்கிக்கு வந்து, பெரிய இயந்திரத் தொழிற்சாலையான ஈ. பி. அல்லிஸ் நிறுவனத்தில் மரமாதிரிப் பிரிவில் வேலை பார்த்தார்.

உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கான மணல் அச்சினை உருவாக்க, முதலில் அப்பகுதியின் வடிவத்தை மரத்தில் செதுக்க வேண்டும். இதுவே மரமாதிரி எனப்படும். உலோகம் குளிரும்போது எவ்வளவு சுருங்கும், எந்த இடத்தில் சுவர் மெலியும், எங்கே காற்றுக்குமிழ் தங்கும் என்பவற்றை மாதிரி செய்பவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பொறியின் ஒவ்வொரு பகுதியையும் கையால் செதுக்கிப் பார்த்த இப்பயிற்சி பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் உதவியது.

அக்காலத்தில் பெட்ரோல் பொறிகள் புதியவை. எவின்ரூட் தம் தங்குமிடத்தின் நிலவறையில் பொறிகளைக் கட்டிச் சோதித்து வந்தார். 1900 ஆம் ஆண்டையொட்டி ஒரு பங்காளியுடன் சேர்ந்து, கேட்போருக்கு ஏற்பப் பொறிகளைச் செய்து தரும் தொழிலைத் தொடங்கினார். இதுவும் இதனைத் தொடர்ந்த வேறு சில கூட்டு முயற்சிகளும் நீடிக்கவில்லை. பொறியைச் செய்வதில் இவருக்கு இருந்த தேர்ச்சி, கணக்கு வைப்பதிலும் கடிதம் எழுதுவதிலும் இருக்கவில்லை.

இந்நிலையில் அண்டை வீட்டில் வசித்த பெஸ் கேரி என்னும் இளம்பெண் இவருடைய பட்டறைக் கடிதங்களையும் கணக்குகளையும் கவனித்துக்கொள்ள முன்வந்தார். அவர் வணிகப் படிப்புப் பயின்றவர். இருவரும் 1906 இல் திருமணம் செய்துகொண்டனர். இவர்களுடைய ஒரே மகன் ரால்ஃப் 1907 இல் பிறந்தார்.

முன்னோடிகள்

படகில் மாட்டிக் கழற்றும் இயந்திரம் என்னும் கருத்து எவின்ரூட்டுக்கு முன்பே இருந்தது. பிரான்சு நாட்டின் குஸ்தாவ் துருவே 1881 இல் பாரிசின் செய்ன் ஆற்றில், கழற்றக்கூடிய மின் இயந்திரம் பூட்டிய படகை ஓட்டிக் காட்டினார். 1896 இல் நியூயார்க்கைச் சேர்ந்த அமெரிக்கன் மோட்டார் கம்பெனி பெட்ரோலில் இயங்கும் வெளிப்பொருத்து இயந்திரங்களைச் சிறு எண்ணிக்கையில் செய்தது. அமெரிக்காவின் கேமரன் வாட்டர்மேன் 1905 இல் மோட்டார் மிதிவண்டியின் பொறி ஒன்றை ஒரு துடுப்புப் படகின் பின்புறத்தில் மாட்டிச் சோதித்தார். 1906 முதல் அவருடைய இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. ஓரளவு விற்கவும் செய்தன.

எனவே எவின்ரூட்டைக் கண்டுபிடிப்பாளர் என்று மட்டும் குறிப்பிடுவது பொருந்தாது. முன்னோடிகளின் இயந்திரங்கள் இயங்கின. ஆனால் அவை பொதுமக்களின் அன்றாடக் கருவியாக ஆகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியதே எவின்ரூட்டின் பங்களிப்பு.

பனிக்கூழ் நிகழ்ச்சி

எவின்ரூட்டின் பெயருடன் எப்போதும் இணைத்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1906 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எவின்ரூட்டும் பெஸ்ஸும் நண்பர்களுடன் மில்வாக்கிக்கு மேற்கே உள்ள ஓக்காச்சி ஏரியில் உள்ள ஒரு தீவுக்கு உலாச் சென்றிருந்தனர். வெப்பம் மிகுந்த அந்நாளில் பெஸ் ஐஸ்கிரீம் கேட்டார். எவின்ரூட் துடுப்புப் படகில் ஏறத்தாழ இரண்டரை மைல் (சுமார் 4 கிலோமீட்டர்) வலித்துக் கரைக்குச் சென்று வாங்கித் திரும்பினார். வந்து சேர்வதற்குள் பனிக்கூழ் உருகிவிட்டது. துடுப்பு வலித்த அந்த நேரத்தில்தான் படகுக்கு ஒரு சிறு இயந்திரம் தேவை என்னும் எண்ணம் இவருக்கு உறுதிப்பட்டதாகக் கூறுவர்.

இந்நிகழ்ச்சி நடந்த ஆண்டைப் பற்றி நூல்கள் வேறுபடுகின்றன. நிறுவனத்தின் விளம்பரங்களிலும் இக்கதை பலமுறை இடம்பெற்றமையால், இதன் விவரங்கள் காலப்போக்கில் மெருகேறியிருக்கக் கூடும்.

முதல் இயந்திரம்

எவின்ரூட் முதல் மாதிரியை 1907 அளவில் உருவாக்கத் தொடங்கினார். அதனை முதன்முதலில் பார்த்த பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் போல் இருப்பதாகக் கேலி செய்தாராம். எவின்ரூட் தொடர்ந்து திருத்தம் செய்தார். 1909 இல் ஒரு நண்பர் அதனை இரவல் வாங்கி ஓர் ஏரியில் ஓட்டிவிட்டு, பத்து இயந்திரங்களுக்கான பணத்துடன் திரும்பி வந்ததாகக் கூறப்படுகிறது. அதன் பின்னரே இதனை விற்கலாம் என்னும் நம்பிக்கை இருவருக்கும் ஏற்பட்டது.

1909 இல் விற்பனைக்கு வந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு (சுமார் 28 கிலோகிராம்). விலையும் 62 டாலர். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1911 இல் வழங்கப்பட்டது.

இயந்திரத்தின் அமைப்பு

இது டூ ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சுப் பொறியாகும். சிலிண்டர் கிடைநிலையிலும், அதனால் சுழற்றப்படும் கிராங்க் தண்டு செங்குத்தாகவும் அமைந்திருந்தன. தண்டின் மேல்முனையில் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் இருந்தது. கீழ்முனையின் சுழற்சி நீருக்கு அடியில் உள்ள பற்சக்கரங்கள் வழியாகத் திசை மாறி, கிடைநிலையில் உள்ள உந்துவிசிறிக்குச் சென்றது. பொறி மேலே, விசிறி கீழே, இரண்டுக்கும் இடையே செங்குத்துத் தண்டு என்னும் இவ்வமைப்பே பிற்காலத்தில் உலகெங்கும் வெளிப்பொருத்து இயந்திரங்களின் பொது வடிவமாக நிலைத்தது.

ஃபிளைவீலில் இருந்த கைப்பிடிக் குமிழைப் பிடித்துச் சுழற்றியே பொறி கிளப்பப்பட்டது. தீப்பொறிக்கான மின்சாரம் உலர் மின்கலங்களிலிருந்து கிடைத்தது. ஏரி நீரே பொறியைக் குளிர்வித்தது. இரு வீச்சுப் பொறியில் தனியான எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே உள்ளே சென்று உறுப்புகளுக்கு மசகாகும். எரிபொருள் தொட்டி கார்புரேட்டருக்கு மேலே வைக்கப்பட்டதால், எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கியது. அதனைத் தள்ளுவதற்கு எக்கி தேவைப்படவில்லை. உறுப்புகள் குறைவு என்பதால் பழுதாகக்கூடிய இடங்களும் குறைவு. எனினும் எஞ்சிய சில இடங்கள் பயனரைப் பலமுறை சோதித்தன.

எரிபொருள் சிக்கல்கள்

தரையில் ஓடும் வண்டி நின்றுவிட்டால் ஓட்டுநர் இறங்கி நடக்கலாம். ஏரியிலோ கடலிலோ அது முடியாது. ஆகவே வெளிப்பொருத்து இயந்திரத்தைப் பொறுத்தவரை, நின்றுபோன பொறியை ஒரு திருப்புளியும் ஒரு துணியும் கொண்டு மீண்டும் கிளப்ப முடிவதே அதன் தகுதிக்கு அளவுகோலாக இருந்தது. நின்றுபோவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை எரிபொருளோடு தொடர்புடையவை. எவின்ரூட் காலத்து இயந்திரங்களில் காணப்பட்ட சிக்கல்கள், அவற்றின் வழிவந்த கார்புரேட்டர் வகை இயந்திரங்களிலும் அப்படியே தொடர்ந்தன. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

காற்றுத் துளை: தொட்டியிலிருந்து எரிபொருள் இறங்க வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். இதற்காகத் தொட்டியின் மூடியில் ஒரு சிறு திருகு உண்டு. அதனைத் திறக்க மறந்தால் பொறி வழக்கம்போல் கிளம்பும், சில நிமிடங்கள் ஓடும், பின் நின்றுவிடும். சற்று நேரம் கழித்து மீண்டும் கிளம்பி மீண்டும் நிற்கும். நன்றாக ஓடிய பொறி இவ்வாறு நிற்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இத்திருகையே.

அடைப்பு: தொட்டியின் அடியில் சேரும் தூசும் துருவும் வடிகட்டியிலோ குழாயிலோ தங்கிவிடும். அப்போது மெதுவாக ஓடும் பொறி, வேகத்தைக் கூட்டியவுடன் நிற்கும். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, எரிபொருளை ஒரு கிண்ணத்தில் விழவிட்டால் உண்மை தெரிந்துவிடும். தொடர்ச்சியாக விழுந்தால் அதுவரையுள்ள பாதை தெளிவானது. சொட்டுச் சொட்டாக விழுந்தால் அடைப்பு மேலே உள்ளது.

நீர்: நீர் பெட்ரோலைவிடக் கனமானது. எனவே தொட்டியின் அடியில் தங்கி, பெட்ரோலுக்கு முன் கார்புரேட்டரை அடையும். அலைத்துளி மூடி வழியாக நுழைவதாலும், பாதி நிரம்பிய தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் படிவதாலும் நீர் சேரும். கிண்ணத்தில் விழவிட்ட பெட்ரோலின் அடியில் தெளிந்த குமிழ்களாக இதனைக் காணலாம். தொட்டியின் அடியிலிருந்து வடித்துவிடுவதே தீர்வு. பெட்ரோலில் நனைத்த மென்தோல் பெட்ரோலை விட்டு நீரைத் தடுக்கும் இயல்புடையது. ஆதலால் அக்காலத்தில் தோல் விரித்த புனல் வழியாக வடிகட்டி ஊற்றும் வழக்கம் இருந்தது.

கலவை: கார்புரேட்டரில் உள்ள ஊசி வால்வு பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. பெட்ரோல் குறைந்தால் பொறி இருமுவது போல் ஒலி எழுப்பிச் சூடாகும். மிகுந்தால் புகை கக்கிச் சோர்ந்து ஓடும். ஊசியை மெல்ல முழுதும் மூடி, பின் ஒரு சுற்றுக்குச் சற்று மேலாகத் திறந்து பொறியைக் கிளப்பி, சூடான பிறகு சீராக ஓடும் நிலைக்குத் திருத்துவது பொதுவான முறை. அழுத்தி மூடினால் ஊசியின் முனையில் பள்ளம் விழுந்துவிடும். அதன்பின் எத்தனை முறை திருத்தினாலும் சரிவராது.

எண்ணெய்: எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். மிகுந்தால் தீப்பொறிச் செருகியில், அதாவது ஸ்பார்க் பிளக்கில், கரி படியும். எண்ணெயைத் தொட்டியில் நேரே ஊற்றினால் அது அடியில் தங்கிவிடும். எனவே தனிக் கலத்தில் பெட்ரோலுடன் நன்கு குலுக்கிக் கலந்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

பழைய பெட்ரோல்: பல மாதங்கள் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச்செல்லும். குளிர்காலம் முழுவதும் பூட்டி வைத்த இயந்திரம் வசந்தத்தில் கிளம்ப மறுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இவற்றைப் பிரித்தறிய உதவும் எளிய ஆய்வு, தீப்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்ப்பதாகும். பலமுறை சுழற்றிய பின்னும் செருகி உலர்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டரை அடையவில்லை. ஈரமாக இருந்தால் எரிபொருள் வந்துள்ளது. ஒன்று அளவுக்கு மீறி வந்திருக்கும், அல்லது தீப்பொறி இல்லை. அளவு மீறியிருந்தால் எரிபொருளை அடைத்து, செருகியைத் துடைத்து உலரவிட்டு, அது இல்லாமலேயே சக்கரத்தைச் சிலமுறை சுழற்றித் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றுமாதலால், அவ்வாறு சுழற்றும்போது செருகிக்கு மின்சாரம் செல்லாதபடி துண்டித்து வைப்பது இன்றியமையாதது.

நிறுவனமும் பெஸ்ஸின் பங்கும்

மில்வாக்கியில் தொடங்கிய தொழிலுக்கு விரைவிலேயே கூடுதல் முதல் தேவைப்பட்டது. இழுவைப் படகு நிறுவனம் நடத்திவந்த கிறிஸ் மேயர் பங்காளியாகச் சேர்ந்தார். எவின்ரூட் உற்பத்தியைக் கவனிக்க, விளம்பரம், கடிதத் தொடர்பு, கணக்கு ஆகியவை பெஸ்ஸின் பொறுப்பாயின. துடுப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு எவின்ரூட் இயந்திரத்தை மாட்டிக்கொள்ளுமாறு படகுக்காரர்களை அழைக்கும் விளம்பரத்தை எழுதியவர் பெஸ் ஆவார். அவ்விளம்பரம் நாடு முழுவதும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது.

பெஸ் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் கடிதங்கள் எழுதினார். அதன் பயனாக ஸ்காண்டிநேவிய நாடுகளின் மீனவர்களிடமிருந்து பெருமளவில் கேட்பு வந்தது. ஓய்வுநாள் உலாவுக்கு எனத் தொடங்கிய இயந்திரம், பிழைப்புக்காகக் கடலுக்குச் செல்பவர்களின் கருவியாயிற்று. எவின்ரூட் சிறுவயதில் விட்டுவந்த நார்வேயும் அந்நாடுகளுள் ஒன்று.

வளர்ச்சி விரைவாக இருந்தது. அதற்கான விலையைப் பெஸ்ஸின் உடல்நலம் கொடுத்தது. குழந்தை வளர்ப்பு, வீட்டுப் பொறுப்பு ஆகியவற்றோடு அலுவலகம் முழுவதையும் சுமந்த அவர் நோயுற்றார். எவின்ரூட் தயங்கவில்லை. 1914 அளவில் தம் பங்கினை மேயருக்கு விற்று, ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டித் தொழிலில் ஈடுபடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்து விலகினார். தம் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் அதன்பின் இவருக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. பின் வந்த ஆண்டுகளில் குடும்பத்தினர் மூவரும் காரிலும் படகிலும் நீண்ட பயணங்கள் மேற்கொண்டனர்.

எல்டோ

ஓய்வுக் காலத்திலும் எவின்ரூட் வரைபடங்களை ஒதுக்கிவிடவில்லை. இவருடைய முதல் இயந்திரத்தின் முதன்மையான குறை அதன் எடை. வார்ப்பிரும்பு, வெண்கலம் ஆகியவற்றால் ஆன அதனை ஒருவர் தனியாகத் தூக்கிப் படகில் மாட்டுவது எளிதன்று. அலுமினியத்தைப் பயன்படுத்தி, எதிரெதிரான இரண்டு சிலிண்டர்கள் கொண்ட புதிய பொறியை இவர் வடிவமைத்தார். அது 3 குதிரைத்திறன் தந்தது. எடை ஏறத்தாழ 48 பவுண்டு (சுமார் 22 கிலோகிராம்) மட்டுமே. அதாவது முதல் இயந்திரத்தைப் போல் இருமடங்கு வலு. எடையில் 14 பவுண்டு குறைவு. புகை உந்துவிசிறியின் நடுப்பகுதி வழியாக நீருக்குள் வெளியேறியதால் ஓசையும் குறைந்தது.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எவின்ரூட் இதனை முதலில் மேயரிடமே கொண்டு சென்றார். மேயர் ஏற்கவில்லை. எனவே 1920களின் தொடக்கத்தில் எவின்ரூட் குடும்பம் மில்வாக்கியில் புதிய நிறுவனத்தைத் தொடங்கியது. எவின்ரூட் என்னும் பெயரை வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமை இல்லாமையால், எவின்ரூட்டின் இலகு இரட்டை வெளிப்பொருத்து இயந்திரம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்டோ என்னும் பெயரைப் பெஸ் அமைத்தார்.

இதே காலத்தில் இந்தியானா மாநிலத்தின் ஜான்சன் உடன்பிறப்புகள் 35 பவுண்டு எடையுள்ள இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்துடன் போட்டிக்கு வந்தனர். எல்டோ, ஜான்சன், பழைய எவின்ரூட் ஆகிய நிறுவனங்களுக்கிடையே நிலவிய போட்டி இயந்திரங்களை விரைவாக மேம்படுத்தியது. 1928 இல் எல்டோ 18 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் இயந்திரத்தை வெளியிட்டது. ஒன்றரைக் குதிரைத்திறனில் தொடங்கிய பயணம் 19 ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கு வலுவை எட்டியது.

இணைப்பும் இறுதிக் காலமும்

1929 இல் எல்டோ, எவின்ரூட், மிச்சிகன் மாநிலத்தின் லாக்வுட் ஆகிய மூன்று நிறுவனங்களும் இணைந்து அவுட்போர்டு மோட்டார்ஸ் கார்ப்பரேசன் உருவானது. சிறு பொறிகள் செய்வதில் பெயர்பெற்ற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் ஸ்டீபன் பிரிக்ஸ் இவ்விணைப்பில் முக்கியப் பங்கு வகித்தார். எவின்ரூட் புதிய நிறுவனத்தின் தலைவரானார். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பின் தம் பெயர் பொறித்த இயந்திரம் மீண்டும் இவருடைய கைக்கு வந்தது.

அவ்வாண்டின் இறுதியில் பங்குச் சந்தை வீழ்ந்து, பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. உலாப் படகுக்கான இயந்திரம் மக்கள் முதலில் தவிர்க்கும் செலவுகளுள் ஒன்றாயிற்று. விற்பனை பெரிதும் சரிந்தது. இணைப்புக்கு முன்பே, 1928 இல், பெஸ் உடல்நலக் குறைவால் பணியிலிருந்து விலகியிருந்தார். அவர் 1933 இல் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, ஜூலை 12, 1934 அன்று, ஓலே எவின்ரூட் தம் 57 ஆம் வயதில் மில்வாக்கியில் காலமானார்.

பிற்கால வரலாறு

தந்தைக்குப் பின் ரால்ஃப் எவின்ரூட் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். நெடுங்காலப் போட்டியாளரான ஜான்சன் நிறுவனம் 1930களின் நடுப்பகுதியில் வாங்கி இணைக்கப்பட்டது. இக்கூட்டு நிறுவனம் 1956 இல் அவுட்போர்டு மரீன் கார்ப்பரேசன் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ரால்ஃப் 1986 இல் காலமானார். நிறுவனம் 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் நொடித்துப்போனது. எவின்ரூட், ஜான்சன் ஆகிய வணிகப் பெயர்களைக் கனடாவின் பொம்பார்டியர் 2001 இல் வாங்கியது. அதிலிருந்து பிரிந்த பிஆர்பி நிறுவனம் 2020 மே மாதத்தில் எவின்ரூட் இயந்திர உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 1909 இல் தொடங்கிய வரிசை 111 ஆண்டுகளுக்குப் பின் முடிவுற்றது.

எரிபொருள் அமைப்பும் இக்காலத்தில் பெரிதும் மாறியது. 1949 இல் ஜான்சன் இயந்திரத்துடன் தனியே வைக்கக்கூடிய எரிபொருள் தொட்டி வந்தது. பெட்ரோல் 50 பங்குக்கு எண்ணெய் ஒரு பங்கு என்னும் விகிதம் 1960களில் பரவியது. பின்னர் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புகள் வந்தன. எனினும் நீர்ச் சிக்கல் தீரவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலுடன் அது புதிய வடிவம் பெற்றது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். அமெரிக்காவில் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. இந்தியா 2025 இல் 20 விழுக்காட்டுக் கலப்பை எட்டியது.

வெளிப்பொருத்து இயந்திரங்கள் 1980களில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் பரவின. அங்கு அவை பெட்ரோலில் கிளப்பப்பட்டு, சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்பட்டன. நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றினால்தான் அடுத்த முறை எளிதில் கிளம்பும். அக்கரையின் மீனவர்கள் இதனைப் பழக்கத்தால் அறிந்து கொண்டனர்.

மதிப்பீடு

எவின்ரூட் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். புதிய அறிவியல் கொள்கை எதனையும் கண்டறிந்தவருமல்லர். இருந்த கருத்து ஒன்றை எளிமையாக்கி, உறுப்புகளைக் குறைத்து, கருவிப்பெட்டி இல்லாதவரும் சமாளிக்கக்கூடிய பொருளாக்கினார். அப்பொருளை உலகுக்குக் கொண்டு சேர்த்த கடிதங்களும் விளம்பரங்களும் பெஸ்ஸுடையவை. பெயர் ஒருவருடையதாக இருப்பினும் தொழில் இருவருடையது. மனைவியின் உடல்நலத்துக்காக வெற்றியின் உச்சத்தில் தொழிலை விட்டு விலகியதும், பின் தம் பெயரையே பயன்படுத்த இயலாத நிலையிலிருந்து முந்தியதைவிடச் சிறந்த இயந்திரத்துடன் திரும்பியதும் எவின்ரூட்டின் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்கவை.